பிரேக்கர் திறந்துவிட்டது என்பதற்கு என்ன சான்று? – தொழிற்பாதுகாப்பு வாசகர் கேள்வி பதில்

உயர் அழுத்த சுவிட்ச் அறையில் பிரேக்கரை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, அதன் பேனலிலிருந்து வெளியே இழுப்பது (ரேக் அவுட்), உள்ளே செலுத்துவது (ரேக் இன்) பற்றிய கடிதங்கள் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒன்றின் பதில் மற்றதற்கும் உதவும் என்பதால் அவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சார்ஜ்மேனுக்கு (மின் நிறுவலை இயக்கச் சான்றிதழ் பெற்றவருக்கு) உதவியாளராக இருக்கிறேன். எங்கள் 11 கிலோவோல்ட் அறையில் வேக்குவம் பிரேக்கரை ரேக் அவுட் செய்யும்போது, "பிரேக்கர்தான் திறந்துவிட்டதே, இன்டர்லாக்கும் இருக்கிறதே, பிறகு எதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு முழு உடுப்பும் போட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டும்?" என்று மூத்தவர் ஒருவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: உங்கள் மூத்தவர் சொல்வதில் ஒரு பகுதி சரி. ஐ.இ.சி. 62271-200 தரநிலையின்படி கட்டப்பட்ட பேனலில், பிரேக்கர் திறந்த நிலையில் இல்லாவிட்டால் அதை நகர்த்த முடியாதபடியும், இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிற்கும்போது அதை மூட முடியாதபடியும் இன்டர்லாக் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த இன்டர்லாக் எதைப் பார்த்து பிரேக்கர் திறந்திருக்கிறது என்று முடிவு செய்கிறது என்பதை அவரிடம் கேளுங்கள். இயக்கும் பொறியின் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதை மட்டுமே அது அறியும். அந்தத் தண்டிலிருந்து, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள் அடங்கிய மூன்று வேக்குவம் பாட்டில்களுக்கும் தனித்தனியாக இன்சுலேட்டர் கம்பிகள் செல்கின்றன. அவற்றில் ஒன்று முறிந்திருந்தாலோ, ஒரு பாட்டிலுக்குள் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தாலோ, முகப்பில் உள்ள குறி திறந்த நிலையையே காட்டக்கூடும், இன்டர்லாக்கும் வழிவிடக்கூடும், உள்ளே ஒரு ஃபேஸ் மட்டும் மூடியே இருக்கும். இந்த வகைப் பாட்டிலில் திறந்த தொடுமுனைகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான். அதுவும் பீங்கான் உறைக்குள் மூடிக் கிடப்பதால் யாரும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வழியில்லை.

அம்மீட்டர் சுழியைக் காட்டுகிறதே என்பது அடுத்த வாதமாக வரும். 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 11 கிலோவோல்ட்டில் முழுச் சுமையில் எடுப்பது சுமார் 52 ஆம்பியர். சுமையே இல்லாமல் நிற்கும்போது எடுப்பது பெரும்பாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது அரை ஆம்பியர் அளவு. தாழ்வழுத்தப் பக்கத்தை முன்பே அணைத்துவிட்டு வந்திருப்பீர்கள் அல்லவா? அந்த நிலையில், 400 ஆம்பியர் அளவுகோல் கொண்ட மீட்டரில் அரை ஆம்பியருக்கு முள் அசையாது. பிரேக்கர் மூடியிருந்தாலும் சுழி, திறந்திருந்தாலும் சுழி. ஆகவே அம்மீட்டரைப் பார்ப்பது அவசியம், மூன்று ஃபேஸையும் பார்ப்பது அதைவிட அவசியம், அதை மட்டும் நம்புவது கூடாது.

இந்த இடத்தில்தான் கேபிள் பக்கத்தில் உள்ள மின்னழுத்தக் காட்டி விளக்குகள் உதவுகின்றன. பிரேக்கரைத் திறப்பதற்கு முன் மூன்று விளக்குகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். திறந்த பிறகு மூன்றும் அணைகின்றனவா என்று பாருங்கள். எரிந்தது அணைவதுதான் சான்று. முன்பு பார்க்காமல், பிறகு வந்து அணைந்த விளக்கைப் பார்ப்பது சான்றாகாது, ஏனெனில் விளக்கே பழுதாக இருக்கலாம். இன்கமர் (அறைக்குள் மின்சாரம் வரும் பேனல்), பஸ் கப்ளர் (அறையின் இரு பகுதிகளை இணைக்கும் பேனல்), ஜெனரேட்டர் அல்லது சூரிய மின்சாரம் திரும்பி வரக்கூடிய ஃபீடர் (வெளியே செல்லும் இணைப்பு) ஆகியவற்றில், பிரேக்கர் சரியாகத் திறந்த பிறகும் மறுபக்கத்திலிருந்து மின்னழுத்தம் வந்து விளக்கு தொடர்ந்து எரியலாம். அத்தகைய பேனலுக்கு மறுமுனையையும் பிரித்து நிறுத்தும் வரிசை, வேலைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். முகப்புக் குறி, மூன்று ஃபேஸ் மின்னோட்டம், விளக்கு ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் கைப்பிடியை எடுக்கலாம். ஒன்று மாறிப் பேசினாலும் எடுக்கக் கூடாது.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், பிரேக்கருக்கும், எல்லாப் பேனல்களுக்கும் பொதுவாக மின்சாரம் தரும் உலோகப் பட்டையான பஸ்பாருக்கும் இடையில் மின்சாரத்தை இணைப்பவை வட்டமாக அடுக்கப்பட்டு ஸ்பிரிங்கால் இறுகப் பிடிக்கும் செப்பு விரல்கள். அவை மின்னோட்டத்தைத் தாங்கப் பிறந்தவை. துண்டிக்கப் பிறந்தவை அல்ல. மின்னோட்டம் ஓடும்போது அவை பிரிந்தால் வில்பொறி (ஆர்க்) எழும். அதை அணைக்க அங்கே வேக்குவமும் இல்லை, வாயுவும் இல்லை, எண்ணெயும் இல்லை. அந்தப் பொறியின் சூடான, மின்கடத்தும் வாயு பக்கத்து ஃபேஸைத் தொட்டவுடன் அது பஸ்பாரிலேயே மூன்று ஃபேஸ் ஷார்ட் சர்க்யூட்டாக மாறிவிடும். அதன் வெப்பநிலை பல்லாயிரம் டிகிரி. செம்பு அங்கே உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரிகிறது. ஒரு விஷயத்தை உங்கள் மூத்தவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: பழுது பஸ்பார் பக்கத்தில் நிகழ்வதால், நீங்கள் கையில் வைத்திருக்கும் பிரேக்கர் ட்ரிப் ஆனாலும் எந்தப் பயனும் இல்லை. மேலே, இன்கமரில் பழுதைக் கண்டு ட்ரிப் கட்டளை தரும் ரிலே செயல்பட்டால்தான் மின்சாரம் நிற்கும். அந்த ரிலேயோ, கீழுள்ள ஃபீடர்களுக்கு முதல் வாய்ப்புத் தரவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தாமதமாக அமைக்கப்பட்டிருக்கும்.

கதவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் பேனலின் பெயர்த்தகட்டில் ஐ.ஏ.சி. என்றும், ஏ.எஃப்.எல்.ஆர். என்றும், அதனருகில் 25 கிலோஆம்பியர் 1 விநாடி என்பதுபோல ஓர் அளவும் பொறிக்கப்பட்டிருந்தால், உள்ளே வில்பொறி வெடித்தாலும் முன்னும் பக்கங்களிலும் பின்னும் நிற்பவரை அந்த அளவுவரை காக்கும் என்று சோதிக்கப்பட்ட பேனல் அது. வெடிக்கும் வாயு, பிரஷர் குக்கரின் வால்வைப் போல, மேலே உள்ள மடல்களைத் திறந்துகொண்டு வெளியேறும். ஆனால் அந்தச் சோதனை கதவுகள் சாத்தித் தாழிடப்பட்ட நிலையில் செய்யப்பட்டது. கதவைத் திறந்து வைத்து ரேக் செய்பவருக்கு அந்தத் தகட்டில் உள்ள எந்த எழுத்தும் பொருந்தாது, ஏனெனில் வாயு வெளியேற மிக எளிய வழி அவர் நிற்கும் பக்கம்தான். கதவில் கைப்பிடிக்கென்று துளை வைத்திருப்பது இதற்காகத்தான். 2003-இல் அந்தத் தரநிலை வெளிவருவதற்கு முன் கட்டப்பட்ட பழைய பேனல்கள் பலவற்றில் கதவைத் திறந்தால்தான் ரேக் செய்ய முடியும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், பஸ்பாரில் மின்சாரம் இருக்கும்போது மனிதர் முன்னால் நின்று அதை நகர்த்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: ஐயா, வணக்கம். என் கணவர் ஒரு பேரங்காடியில் சார்ஜ்மேன். நிர்வாகம் 40 கலோரி உடுப்பு வாங்கிக் கொடுத்துவிட்டது, இனிப் பயமில்லை என்கிறார். நான் மின்சாரம் படித்தவள் இல்லை. அந்த உடுப்பு உண்மையிலேயே அவரைக் காப்பாற்றுமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, மின்சாரம் படித்தவர்களே கேட்கத் தவறும் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி வெப்பம் விழுந்தால் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும் என்று கணக்கிடுகிறார்கள். 40 கலோரி உடுப்பு என்றால், வெளியே 40 கலோரி விழும்போது உள்ளே தோலுக்குச் சேரும் வெப்பம் அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று பொருள். அது வெப்பத்துக்கான கணக்கு மட்டும். வெடிப்பின் அழுத்தத்தையோ, பறந்து வரும் கதவையோ, காதைக் கிழிக்கும் ஓசையையோ அந்த உடுப்பு நிறுத்தாது.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த அறையில் விழக்கூடிய வெப்பம் எவ்வளவு என்பது. அதே மின்னோட்டம், அதே தூரம் என்றால் வெப்பம் நேரத்தைப் பொறுத்து ஏறும். ரிலே 1 விநாடியில் துண்டித்தால் விழும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் 0.1 விநாடியில் துண்டித்தால் விழும். ஆகவே, அந்த அறைக்கு வில்பொறி வெப்பக் கணக்கு செய்யப்பட்டிருக்கிறதா, அந்த எண் பேனலில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கணவர் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். எண் தெரியாமல் வாங்கிய உடுப்பு போதுமானதாகவும் இருக்கலாம், போதாததாகவும் இருக்கலாம். கணக்கில் எண் பெரிதாக வந்தால், இதைவிடத் தடித்த உடுப்பைத் தேடுவதற்கு முன் நேரத்தைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும். பேனலுக்குள் ஒளியைக் கண்டவுடன் சில மில்லிவிநாடிகளில் ட்ரிப் கட்டளை கொடுக்கும் வில்பொறி ரிலேக்கள் இன்று கிடைக்கின்றன. பழைய ரிலேயிலும், பராமரிப்பு நேரத்தில் மட்டும் தாமதத்தைக் குறைத்து வைக்கும் அமைப்பைப் பொறியாளரின் ஒப்புதலோடு செய்யலாம். வேலை முடிந்ததும் அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அந்த எழுத்து வரிசையிலேயே இருக்க வேண்டும்.

உடுப்பைப் பற்றி இன்னும் ஒரு சொல். அதன் முகக்கவசத்துக்குள் மூச்சு அடைக்கும், பார்வை குறுகும், நம் ஊர் வெக்கையில் வியர்வை கண்ணில் இறங்கும். அந்த நிலையில் பேனல் எண்ணை வாசிப்பதும் பிழையாகும். பக்கத்துப் பேனலைத் திறந்து தவறான பிரேக்கரில் கை வைக்கும் ஆபத்து அங்கே கூடுகிறது. எனவே முகக்கவசம் அணிவதற்கு முன்பே பேனல் எண்ணைப் பெர்மிட்டோடு (எழுத்திலான வேலை அனுமதியோடு) இருவர் ஒப்பிட்டு உரக்கச் சொல்லிவிட வேண்டும்; பக்கத்துப் பேனல்களைக் கயிறோ பலகையோ கொண்டு மறைத்துவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், அந்த நிர்வாகம் அடுத்து செலவழிக்கும் பணம் இன்னொரு உடுப்புக்கு அல்ல, ரிமோட் ரேக்கிங் கருவிக்குப் போக வேண்டும். கைப்பிடி செல்லும் துளையில் ஒரு மோட்டாரைப் பொருத்தி, 10 மீட்டர் அளவு கேபிளோடு, முடிந்தால் அறைக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தும் கருவி அது. சுழற்றும் விசை ஓர் அளவைத் தாண்டினால் தானே நின்றுவிடும் வகையும் உண்டு. ஒரே தயாரிப்பைச் சேர்ந்த பல பேனல்களுக்கு ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால், ஒரே நிர்வாகத்தின் கீழ் இரண்டு மூன்று கட்டடங்கள் இருந்தால் செலவு அவ்வளவு பெரிதும் அல்ல. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பஸ்பாரில் மின்சாரம் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டுமா? கடைகள் மூடிய இரவில், முன்கூட்டியே அறிவித்து, பஸ்பாரையே நிறுத்திவிட முடியும் என்றால், உடுப்பும் கருவியும் இரண்டாம் வரிசைக்குப் போய்விடும். உங்கள் கணவரிடம் இந்தக் கேள்வியை மட்டும் கொடுத்தனுப்பினாலும் போதும்.

கேள்வி: ரேக் இன் செய்யும்போது கைப்பிடி பாதியில் இறுகிவிட்டது. உடன் இருந்தவர் கைப்பிடியில் பைப்பை மாட்டி இழுக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். சரிதானா?
– வாசகர், பிறை

பதில்: முற்றிலும் சரி. கைப்பிடி இறுகுவதற்குக் காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம்: கேபிளைத் தரையோடு இணைக்கும் எர்த் சுவிட்ச் இன்னும் மூடியிருக்கலாம், கதவு முழுமையாகத் தாழிடாமல் இருக்கலாம், துணைக் கம்பிகளின் பிளக் செருகப்படாமல் இருக்கலாம், ரேக்கிங் தண்டில் கிரீஸ் காய்ந்து கெட்டியாகி இருக்கலாம். ஆபத்தாகவும் இருக்கலாம்: பஸ்பார் முனைகளை மறைக்கும் ஷட்டரைத் தூக்கும் தண்டு வளைந்து, ஷட்டர் பாதி திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம், செப்பு விரல்களில் ஒன்று கழன்று, பிரேக்கரின் கை நுழையும் இன்சுலேட்டர் குழாயான ஸ்பவுட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கலாம். வெளியே நிற்பவருக்கு இந்த இரண்டு வகைக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியாது. கைக்குத் தெரிவது ஒரே இறுக்கம்தான். பைப்பை மாட்டி இழுத்தால், முதல் வகையில் இன்டர்லாக் உடையும். இரண்டாம் வகையில் உயிருள்ள பஸ்பாருக்கு அருகில் உலோகம் உடைந்து விழும்.

டிரக் (பிரேக்கரைத் தாங்கி நகரும் வண்டி) புறப்பட்ட இடத்திலிருந்து சற்றே நகர்ந்த நிலையில் இறுகினால், எர்த் சுவிட்ச், கதவு, பிளக் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். பாதி வழியைத் தாண்டிய பிறகு இறுகினால், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதும் வேண்டாம். கைப்பிடியை விட்டு விலகுங்கள், அறையை விட்டு வெளியேறுங்கள், பொறுப்பிலுள்ள பொறியாளரை அழையுங்கள். பஸ்பாரைத் தொலைவிலிருந்து நிறுத்தி, சோதித்து, எர்த் செய்த பிறகே அந்தக் கதவு திறக்கப்பட வேண்டும். அன்று உற்பத்தி நிற்கும். அதைச் சொல்லி உங்களை யாரும் குறை கூறினால், மறுத்தது ஏன் என்பதை எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

அந்த இறுக்கம் பெரும்பாலும் டிரக் வெளியே இருக்கும்போதே கண்டுபிடிக்கக் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே செலுத்துவதற்கு முன் ஆறு கைகளின் முனையிலும் உள்ள செப்பு விரல்களைச் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்: எல்லா விரலும் இருக்கின்றனவா, சுற்றியிருக்கும் ஸ்பிரிங் தன் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா, ஏதேனும் ஒரு விரலில் வெள்ளி முலாம் போய் நீலமோ கறுப்போ படிந்திருக்கிறதா? துடைக்கப் பயன்படுத்திய துணிகளை எண்ணி எடுத்தீர்களா? இன்சுலேஷன் சோதனையும், மூடிய நிலையில் மூன்று ஃபேஸின் தொடுதடையும் அளந்து, மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, பஸ்பாரைத் தொடாமல் பிரேக்கரை இயக்கிப் பார்க்கும் டெஸ்ட் நிலையில் வைத்து, பிளக்கைச் செருகி, ஒருமுறை மூடி, ரிலேயிலிருந்தே ட்ரிப் செய்து பார்த்து, திறந்த நிலையில் விட்டுத்தான் உள்ளே செலுத்த வேண்டும்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலை கடலோரத்தில் இருக்கிறது. பிரேக்கரை வெளியே எடுத்தபோது ஸ்பவுட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தது; ஒருவித காரமான வாசனையும் வந்தது. ஷட்டரைக் கையால் தூக்கித் துடைக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: துடைக்கக் கூடாது, தூக்கவும் கூடாது. ஷட்டருக்குப் பின்னால் பஸ்பார் உயிரோடு இருக்கிறது. பொதுவாகப் பஸ்பார் பக்கத்து ஷட்டர் சிவப்பாகவும் கேபிள் பக்கத்து ஷட்டர் மஞ்சளாகவும் இருக்கும். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறக்கூடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிரக் வெளியே வந்த மறுகணமே இரண்டு ஷட்டர்களுக்கும் பூட்டுப் போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

நீங்கள் கண்டது பகுதி மின்கசிவின் அடையாளமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஈரமும் உப்பும் படிந்த இன்சுலேஷனின் மேல் மின்சாரம் சிறு சிறு பொறிகளாகக் கசியும்போது காற்று ஓசோனாகவும் நைட்ரஜன் ஆக்சைடுகளாகவும் மாறுகிறது. அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பொடியாகவும் செம்பின் மேல் பச்சையாகவும் படிகின்றன. அந்தக் காரமான வாசனை ஓசோனுடையது. இது துடைத்தால் போய்விடும் அழுக்கு அல்ல, இன்சுலேஷன் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதன் அறிவிப்பு. பஸ்பாரை முறைப்படி நிறுத்தி எர்த் செய்து, ஸ்பவுட்டையும் பிரேக்கரின் கைகளையும் ஆராய வேண்டும். பேனலில் உள்ள ஹீட்டர் வேலை செய்கிறதா, கேபிள் வரும் தரைத்துளை அடைக்கப்பட்டிருக்கிறதா, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் மூல காரணம் எரிந்துபோன ஒரு ஹீட்டர்தான். அதை யாரும் கவனிப்பதில்லை. அறைக்குக் குளிர்சாதனம் போட்டிருந்து, கதவு அடிக்கடி திறக்கப்பட்டால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனிமேல் எந்தப் பேனலையும் ரேக் செய்வதற்கு முன், கதவு சாத்தியபடியே அல்ட்ராசோனிக் கருவியாலும், மின்கசிவு பேனலின் உலோக உறையில் எழுப்பும் நொடிநேர மின்னழுத்தத்தை அறியும் டி.இ.வி. கருவியாலும் சோதிக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். பக்கத்துப் பேனல்களைவிட ஒன்றில் மட்டும் ஓசை கூடுதலாக இருந்தால், மின்சாரம் இருக்கும்போது அதை நகர்த்த வேண்டாம். இன்சுலேஷன் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் இடத்தில் டிரக்கின் அசைவே கடைசித் தள்ளலாக அமைந்துவிடும்.

கேள்வி: பிரேக்கரை டெஸ்ட் நிலைக்கு இழுத்துவிட்டால் கேபிளில் வேலை செய்யலாமா? என்னிடம் ஏ0 சான்றிதழ் இருக்கிறது. நானே ரேக் செய்யலாமா?
– வாசகர், செராஸ், கோலாலம்பூர்

பதில்: இரண்டுக்கும் பதில் 'கூடாது'. டெஸ்ட் நிலை பிரேக்கரைச் சோதிப்பதற்கானது. அங்கே துணைக் கம்பிகள் இணைந்திருக்கும், ஸ்பிரிங் மோட்டார் தானாக ஏற்றிக்கொள்ளும், கட்டளை வந்தால் பிரேக்கர் இயங்கும். கேபிளில் வேலை என்றால் டிரக்கைத் தனிமைப்படுத்திய நிலைக்கு, முடிந்தால் முழுமையாக வெளியே கொண்டுவந்து, ஷட்டர்களைப் பூட்டி, மறுமுனையும் பிரிக்கப்பட்டதை உறுதிசெய்து, அங்கீகரிக்கப்பட்ட கருவியால் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் சுவிட்சை மூடி, அதையும் பூட்டி, அதன் பிறகே பெர்மிட் கையில் வர வேண்டும். சோதிக்கும் கருவியை, சோதனைக்கு முன்பும் பின்பும், வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். டிரக் வெளியே வந்துவிட்டாலும் அதன் ஸ்பிரிங்கில் சேமித்த விசை இருக்கும். திறந்து, மூடி, திறந்து, இரண்டு ஸ்பிரிங்குகளும் தளர்ந்துவிட்டதை முகப்புக் குறியில் பார்த்த பிறகுதான் பொறிக்குள் விரலை விட வேண்டும்.

சான்றிதழைப் பொறுத்தவரை, எரிசக்தி ஆணையம் வழங்கும் ஏ வகைச் சான்றிதழ்கள் தாழ்வழுத்தத்துக்கானவை. உயர் அழுத்தத்துக்குப் பி வகை வேண்டும். அதிலும் எத்தனை கிலோவோல்ட் வரை என்ற வரம்பு சான்றிதழிலேயே எழுதப்பட்டிருக்கும். 11 கிலோவோல்ட் வரம்பு உள்ளவர் 33 கிலோவோல்ட் பேனலை இயக்க அது அனுமதி ஆகாது. பி வகைச் சார்ஜ்மேனின் அருகில் நின்று, பேனல் எண்ணை ஒப்பிட்டுச் சொல்லும் இரண்டாவது ஆளாக நீங்கள் தாராளமாக உதவலாம், ஆனால் அவர் கைப்பிடியைச் சுழற்றும்போது வில்பொறியின் வெப்பம் தீக்காயம் ஏற்படுத்தக்கூடிய எல்லைக்கு வெளியே நில்லுங்கள்.